அப்ரன்டிஸாகச் சேர: கம்பெனியா, கான்ட்ராக்டரா?

எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்ள அப்ரன்டிஸாகச் சேர்வதென்றால் பொதுவாக இரண்டு வழி. ஒன்று, பெரிய கம்பெனி அல்லது தொழிற்சாலை. இன்னொன்று, நாலைந்து பேரை வைத்துக்கொண்டு வீடு, கடை என்று வயரிங் எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர்.

விண்ணப்பிப்பதிலேயே வித்தியாசம் ஆரம்பிக்கிறது. கம்பெனி என்றால் படிவம், கடைசித் தேதி, எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருக்கும். கணக்கு அப்படியொன்றும் மிரட்டாது, 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் எத்தனை ஆம்பியர் இழுக்கும் (ஏறத்தாழ 8.7) என்கிற ரகம்தான். மருத்துவப் பரிசோதனையில்தான் சிலர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்கிறார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனை அது. ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று வயரைப் பிரிப்பதே நிறத்தை வைத்துத்தான். தனக்கு நிறக்குருடு இருப்பது அந்தப் படங்களைப் பார்க்கும்வரை தெரியாதவர்கள் உண்டு. படிவம் வாங்கும் முன்பே கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

கான்ட்ராக்டரிடம் பெரும்பாலும் படிவமே இருக்காது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன் நேரில் போய் நிற்க வேண்டும். மதியம் போன் அடித்தால் ஏணி மேல் இருப்பார், எடுக்க மாட்டார். விவரமான ஆள் என்றால் ஒரு துண்டு வயரை நீட்டி "சீவு" என்பார். எவ்வளவு வேகமாகச் சீவுகிறீர்கள் என்பதை விட்டுவிட்டு, கத்தி செம்பில் பட்டுக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். கீறல் விழுந்த கம்பி, ஸ்க்ரூவில் மாட்டி வளைக்கும்போது அதே இடத்தில் ஒடியும். அவருடைய நுழைவுத் தேர்வு அவ்வளவுதான்.

பணம் என்று பார்த்தால் கம்பெனிதான் மேல். உதவித்தொகை சொன்ன தேதியில் வரும்.

பாதுகாப்பையும் அங்கேதான் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு வோல்ட் அளக்கும் மீட்டரைக் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, வேலை செய்யப்போகும் லைனில் வைத்து, மறுபடி பழைய இடத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் என்ன ஆவது? சின்ன இடங்களில் டெஸ்டரை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையில் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனியிலும் ஒரு சிக்கல். ஒரே கட்டடத்தில் மாதக்கணக்கில் கேபிள் ட்ரே (கேபிளைத் தாங்கும் தட்டு) மாட்டுவதோடு முதல் வருடம் கழிந்துவிடலாம்.

கான்ட்ராக்டரிடம் கிடைப்பது ஃபால்ட், அதாவது கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. மழை பெய்தால் மட்டும் ட்ரிப் ஆகிற (ஸ்விட்ச் தானாக விழுந்து கரண்ட் போகிற) வீடு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு லைனுக்கும் உள்ள பிரேக்கரான எம்சிபி எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பீர்கள். ஃபேஸை மட்டும் துண்டிக்கும் எம்சிபியை ஒரு லைனில் இறக்கிய பிறகும் ட்ரிப் அடிக்கிறதென்றால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறதா என்று தேட வேண்டும். சந்தேகப்படும் லைனைப் பிரித்து இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் போட்டால் 1 மெகாஓமுக்கும் கீழே காட்டும். கடைசியில் வெளிச்சுவர் விளக்கைக் கழற்றினால் உள்ளிருந்து தண்ணீர் வடியும். இப்படி நாலு ஃபால்ட்டைக் கூடவே நின்று பார்த்தவனுக்குப் பாடப்புத்தகம் தானாகப் புரியும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை, காகிதம். பல நாடுகளில் லைசென்ஸ் வாங்க, தகுதியுள்ள ஒருவரின் கீழ் வேலை செய்ததற்கான பதிவு வேண்டும். கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் இருக்கிறதா, பயிற்சி ஒப்பந்தத்தைப் பதிவு செய்வாரா, லாக்புக்கில் கையெழுத்துப் போடுவாரா என்று முதல் நாளே கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்றால் கம்பெனிப் படிவத்தை நிரப்பப் போய்விடுங்கள். வருடக்கணக்கில் உழைத்தும் கணக்கில் ஹெல்ப்பராகவே நிற்பது இந்த 'அப்புறம்'காரர்களிடம் சிக்கியவர்கள்தான்.

முதலில் தொழிற்பயிற்சிப் படிப்பு முடித்துவிட்டுச் சேர்வது மூன்றாவது வழி. கணக்கில் தடுமாறுகிறவர்களுக்கு அது உதவும். மற்றவர்கள், அப்ரன்டிஸ் பயிற்சியிலேயே வகுப்பும் சேர்ந்து வருகிறதா என்று விசாரியுங்கள்; வந்தால் அதே பாடத்தை இரண்டு முறை படிக்க வேண்டியதில்லை.

கம்பெனி நேர்காணலில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். ஒரே பிரிவில் வைத்திருப்பீர்களா, மெயின்டனன்ஸுக்கும் மாற்றுவீர்களா என்று கேளுங்கள். ஃபால்ட் எல்லாம் அங்கேதான் வரும்.