நாகை துறைமுகமா, வேளாங்கண்ணிக் கடற்கரையா?

மீன் சந்தையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் தயங்காமல் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். விடியற்காலையில் விசைப்படகுகள் கடுவையாற்று முகத்துவாரம் வழியே கரை சேர, வஞ்சிரமும் கணவாயும் கூடை கூடையாக ஏலத்துக்கு வரும். வியாபாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், ரப்பர் செருப்பே நல்லது. ஒரு கிலோ போதுமென்றால் சில்லறையாக விற்கும் பெண்களிடம் வாங்கலாம். அவர்கள் உழைப்பைப் பார்த்தபின் அடிமாட்டு விலைக்குக் கேட்க எனக்கு மனம் வராது.

தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. அங்கே மசாலா தடவிய மீனைக் கண்முன்னே பொரித்துத் தருவார்கள். குழந்தைகளோடு மாலையில் வருபவர்களுக்கு அதுவே வசதி. விலையை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாகைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.