செல்லி மேனர்: பிரித்தெடுத்து மீண்டும் எழுப்பிய மரச்சட்ட வீடு

பர்மிங்காம் நகரின் தெற்கே உள்ள போர்ன்வில்லுக்குச் செல்லும் பயணிகள் பலர், கேட்பரி சாக்லேட் காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், மேப்பிள் சாலையில் இருக்கும் செல்லி மேனர் அருங்காட்சியகத்தையும் அவர்கள் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 1476 ஆம் ஆண்டிலேயே ஆவணத்தில் குறிப்பிடப்பட்ட இந்த வீடு, இப்போது நிற்கும் இடத்தில் கட்டப்பட்டதன்று. ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், போர்ன்புரூக் சாலையில் இருந்த இது, காலப்போக்கில் மூன்று குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்டுச் சிதைந்து, இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. சாக்லேட் உற்பத்தியாளரான ஜார்ஜ் கேட்பரி 1907 இல் இதை விலைக்கு வாங்கினார். கட்டடக் கலைஞர் வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வியின் மேற்பார்வையில் வீடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, 1912 முதல் 1916 வரை இங்கே மீண்டும் எழுப்பப்பட்டது. 1917 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

ஒரு வீட்டை இப்படிப் பெயர்த்துக்கொண்டு வர முடிந்ததற்கு அதன் கட்டுமான முறையே காரணம். கல்லிலோ செங்கல்லிலோ எழுப்பிய வீட்டில் சுவரே கூரையின் எடையைத் தாங்குகிறது. மரச்சட்ட வீட்டிலோ முழு எடையும் தூண்கள், உத்திரங்கள், சாய்வுத் தாங்கிகள் ஆகியவற்றின் வழியாகத் தரைக்கு இறங்குவதால், இடையில் உள்ள சுவர் வெறும் அடைப்பாக மட்டுமே இருக்கிறது. அக்காலத் தச்சர்கள் ஈரம் காயாத ஓக் மரத்தை எடுத்து, ஒரு சட்டத்தின் முனையில் கழுந்து செதுக்கி, மற்றொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர முளை அடித்து இறுக்கினார்கள். மரம் காயக் காய மூட்டு மேலும் இறுகும். சட்டங்களுக்கு இடையே வரிச்சுக் கட்டி, வைக்கோல் கலந்த மண்ணை அப்பிச் சுண்ணாம்பு பூசுவார்கள். நம் ஊர் மண்வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுவரை விளக்கவே தேவையில்லை. முளைகளைத் தட்டிக் கழற்றினால் சட்டகம் பிரிந்துவிடும். வேறிடத்தில் அதே ஒழுங்கில் பூட்டினால் மீண்டும் வீடாகிவிடும். ஆகவே, உள்ளே நுழைந்ததும் காட்சிப் பொருள்களின் பக்கம் போய்விடாமல், முதலில் தலையை உயர்த்தி மூட்டுகளைப் பார்க்க வேண்டும். என் பார்வையில் இந்த அருங்காட்சியகத்தின் தலைசிறந்த காட்சிப் பொருள் அந்தச் சட்டகம்தான்.

அறைகளில் உள்ள மேசை, பெட்டகம், நாற்காலி, கட்டில் எல்லாம் ஜார்ஜின் மகன் லாரன்ஸ் கேட்பரியின் பெயர் தாங்கிய தொகுப்பைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 1500 முதல் 1750 வரையிலான இவற்றில் அரண்மனைப் பகட்டு இல்லை. வீட்டுப் புழக்கத்துக்காகச் செய்யப்பட்ட உறுதியான மரவேலை என்பதே இவற்றின் சிறப்பு. இருப்பினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். தளவாடங்கள் 1750 உடன் நின்றுவிடுவதால், பிற்காலத்தில் இதே கூரையின் கீழ் நெருக்கியடித்து வாழ்ந்த மூன்று குடித்தனங்களின் வாழ்க்கை பார்வையாளர் மனத்தில் பதிவதில்லை. இந்த வீட்டின் கதையில் அவர்களும் பாதிப் பங்கு உடையவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

சொந்த மண்ணிலிருந்து அகற்றப்பட்டு, சிதைந்த பகுதிகள் புதுப்பிக்கப்பட்ட ஒரு கட்டடத்தைப் பழமையானது என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானது. வீட்டுக்கும் அதன் தெருவுக்கும் இருந்த உறவு இங்கே அறுந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அன்று அதற்கு இருந்த மாற்று வழி இடிப்பு மட்டுமே. தொழிலாளர்களும் பிறரும் நல்ல வீடுகளில் வாழ வேண்டும் என்று போர்ன்வில் என்னும் இந்தக் குடியிருப்பையே உருவாக்கிய கேட்பரி, அதன் நடுவே ஒரு பழைய வீட்டையும் ஊராருக்காக நிறுத்தி வைத்தது பொருத்தமான செயலாகவே எனக்குப் படுகிறது.

அதே வளாகத்தில் இருக்கும் மின்வொர்த் கிரீவ்ஸ் என்ற கூடத்தையும் தவறவிடக் கூடாது. செல்லி மேனரைவிடப் பழமையான இதுவும் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, 1930களின் தொடக்கத்தில் இங்கே எழுப்பப்பட்டது. இயல்பாக வளைந்த பெரிய மரங்களை இணை இணையாக நிறுத்தி, உச்சியில் சேர்த்துக் கூரையைத் தாங்கச் செய்யும் தொன்மையான முறையை இங்கே எந்த மறைப்பும் இல்லாமல் காணலாம். முதலில் இந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் சென்றால், தச்சுக்கலை வளர்ந்த விதம் எளிதில் விளங்கும்.

பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ரயிலில் வந்து, போர்ன்வில்லில் இறங்கி நடந்தே செல்லலாம். மின்வொர்த் கிரீவ்ஸ் கூடத்தில் திருமணங்களும் நடப்பதால், திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நல்லது. பழைய வீட்டுக்கே உரிய குறுகிய, செங்குத்தான படிகள் இருப்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் கீழ்த்தளத்தையும் தோட்டத்தையும் மட்டும் திட்டமிட்டுக்கொள்ளலாம்.