நீர்க்கசிவு எச்சரிக்கை: பல்ஸ் மீற்றரா, தாங்கி சென்சரா?

நீர்க்கசிவை அறிய எதைப் பூட்டுவது என்று திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துவோர் பலருக்கு இந்தத் தடுமாற்றம் உண்டு. பல்ஸ் மீற்றர் என்பது குழாயில் ஓடும் நீர் உள்ளே ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அளவுக்கேற்ப மின் துடிப்பு (பல்ஸ்) அனுப்பும் மானி. தாங்கி சென்சர் என்பது மூடியிலிருந்து ஒலியலையால் நீர்மட்டத்தை அளக்கும் கருவி.

பொருத்துதல்
மீற்றர்: குழாயை வெட்ட வேண்டும். மேல்தாங்கியின் வெளிவழியில் பூட்டுங்கள். உள்வழியில் பூட்டினால் தாங்கி நிரம்புவதுதான் தெரியும், பாவனை தெரியாது.
சென்சர்: மூடியில் ஒரு துளை போதும். உச்ச நீர்மட்டத்துக்கு மேல் 25 செ.மீ. இடைவெளி விடுங்கள், அதற்குள் அது அளக்காது.

நுணுக்கம்
மீற்றர்: லீற்றருக்கு ஒரு பல்ஸ் தருவதை வாங்குங்கள். ஆனால் கொமட் தொட்டியின் மெல்லிய ஒழுக்கில் சக்கரம் அசையாமலும் இருக்கலாம்.
சென்சர்: 1.1 மீற்றர் விட்டத் தாங்கியில் 1 செ.மீ. என்பது சுமார் 9.5 லீற்றர். பம்பை நிறுத்தி, இரவு 2 முதல் 4 மணிக்குள் 3 செ.மீ. இறங்கினால் எச்சரிக்கும்படி வையுங்கள். மெல்லிய ஒழுக்கும் இரவு முழுக்கச் சேர்ந்தால் பிடிபடும்.

கோளாறு
மீற்றர்: தாங்கி வற்றி மறுபடி நிரம்பும்போது குழாய்க் காற்று சக்கரத்தைச் சுழற்றும், பொய் எச்சரிக்கை வரும்.
சென்சர்: முகத்தில் நீர்த்துளி படிந்தால் அளவு தாறுமாறாகும். கடற்காற்றில் வயர் முனைகள் துருப்பிடிக்கும். இணைப்புப் பெட்டியை சிலிக்கனால் அடையுங்கள்.

ஒரே தாங்கியுள்ள வீட்டுக்கு சென்சர் தாராளம். அறைத்தொகுதிகளுக்குத் தனித்தனிக் குழாய் போகும் விடுதிக்கு மீற்றரே சரி: குழாய்க்கு ஒன்றாகப் பூட்டினால், எந்தத் தொகுதியில் ஒழுகுகிறது என்று அதுதான் சொல்லும்.