டிராயிங் ஸ்டாண்டர்டை வைத்துக் காப்பது: டர்பன், ஜோபர்க் அலுவலகங்களில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

இது சிவில், கட்டட வேலை பார்க்கும் நடுத்தர அலுவலகம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கிளை, ஜோகன்னஸ்பர்க்கில் (ஜோபர்க்) ஒரு கிளை, பிரதான மென்பொருள் ஆட்டோகேட். கம்பெனி ஸ்டாண்டர்டை, அதாவது டிராயிங்கை எப்படி வரைய வேண்டும் என்ற விதிகளை, வேர்டு கையேடாகவும் விக்கிப் பக்கமாகவும் சர்வர் ஃபோல்டராகவும் நடத்திப் பார்த்தாயிற்று. தடித்த கையேட்டை யாரும் திறப்பதில்லை. புது டிராயிங் தொடங்கும் டெம்ப்ளேட் கோப்புக்குள் போய்விட்ட விதியைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். ஆகவே இப்போது கையேடு மெலிந்துவிட்டது. கோப்புக்குள் அடைக்க முடியாத விதிகள் மட்டுமே அதில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் 'ஏன்' என்று ஒரு வரியோடு. அந்த வரி இல்லாத விதியைப் புதிதாக வருபவர் முதல் அவசரத்திலேயே மீறுகிறார்.

டிராயிங் விதிப்படி இருக்கிறதா என்ற சரிபார்ப்புக்கு, ஸ்டாண்டர்டைச் சேமித்துவைக்கும் டிடபிள்யூஎஸ் கோப்பு. நல்ல வசதிதான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். செக் ஸ்டாண்டர்ட்ஸ் கட்டளை லேயர் (வரைபவற்றை வகைபிரிக்கும் அடுக்கு), லைன்டைப் (கோட்டு வகை), டெக்ஸ்ட் ஸ்டைல் (எழுத்தின் அமைப்பு), டைமென்ஷன் ஸ்டைல் (அளவுக் குறிப்பின் அமைப்பு) ஆகிய நான்கை மட்டும் பார்க்கும். பிளாக் (திரும்பத் திரும்பச் செருகும் வரைதுண்டு), பிளாட் செட்டிங் (பிரிண்ட் அமைப்பு), எக்ஸ்ரெஃப் (இணைத்த வெளி டிராயிங்) பாதை எதையும் தொடாது. லேயரின் பெயரும் நிறமும் சரியா என்று சொல்லும். சுவரைக் கொண்டுபோய் ஃபர்னிச்சர் லேயரில் வரைந்திருந்தால் வாயே திறக்காது. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும். ஒரே டிராயிங்கில் இரண்டு டிடபிள்யூஎஸ் இணைத்தால் பட்டியலில் மேலே இருப்பதே செல்லும். வாடிக்கையாளரின் ஸ்டாண்டர்டை மேலேயும் நம்முடையதைக் கீழேயும் வைப்பது வழக்கம்.

டெம்ப்ளேட்டைத் திருத்தினால் பழைய டிராயிங்குகளும் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாறாது. பழைய லேயர்களுக்கு, லேயரை மாற்றும் லேட்ரான்ஸ் கட்டளையை ஓட்ட வேண்டும். எந்தப் பழைய லேயர் எந்தப் புது லேயராகும் என்ற மேப்பிங்கை ஒருமுறை சேமித்து வைத்தால் அடுத்த டிராயிங்கிலும் அதையே ஏற்றலாம். ஷீட்டின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில் புது அட்ரிப்யூட் (எழுத்து நிரப்பும் இடம்) சேர்த்தால் பிளாக்கை மறுவரையறை செய்து, ஏற்கெனவே செருகியவற்றையும் புதுப்பிக்கும் அட்சிங்க் கட்டளை கொடுக்க வேண்டும். அட்சிங்க் ஓடியதும், நீளமான திட்டப் பெயர் கட்டத்துக்குள் அடங்கட்டும் என்று யாராவது கையால் நகர்த்தியிருந்த எழுத்து பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பிரிண்டுக்கு முன் ஒவ்வொரு ஷீட்டையும் புரட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. டைட்டில் பிளாக்கில் ஸ்டாண்டர்டின் பதிப்பு எண்ணுக்கென்று ஒரு சிறிய அட்ரிப்யூட் வைத்தது மிகவும் உதவியது. நடந்துகொண்டிருக்கும் திட்டம் தொடங்கிய பதிப்பிலேயே முடியும், நடுவழியில் மாற்றுவதில்லை.

நிறத்தை வைத்துக் கோட்டின் பிரிண்ட் தடிமனைத் தீர்மானிக்கும் சிடிபி கோப்பு கிடைக்காவிட்டால் ஆட்டோகேட் பெரிதாகக் கூச்சல் போடாது. எல்லாக் கோடும் கிட்டத்தட்ட ஒரே தடிமனில் பிரிண்ட் ஆகிவிடும், அவ்வளவுதான். எழுத்து உயரமும் இதே விவகாரம். ஏ1 ஷீட்டை ஏ3ஆகச் சுருக்கினால் எல்லா நீளமும் பாதி. 2,5 மிமீ எழுத்து 1,25 ஆகிவிடும். சைட்டில் தூசியும் வெயிலும் இருக்கும்போது படிக்க முடியாது. 0,18 மிமீ கோடு 0,09 ஆகி நகலில் மறைந்தே போகும். சைட்டுக்கு ஏ3 போகும் வேலைகளில் குறைந்தபட்சம் 3,5 மிமீ எழுத்து, 0,25 கோடு என்று வைத்தபின் தொல்லை குறைந்தது.

மேலே இட்டிருக்கும் காற்புள்ளி தட்டச்சுப் பிழையல்ல. தென்னாப்பிரிக்காவில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் 3,500 என்பதை மூவாயிரத்து ஐந்நூறு என்று படிப்பார். இங்கே அது மூன்றரை. லெவல் (உயர மட்டம்) குறிக்கும் இடத்தில் இது சிரிக்கும் விஷயமல்ல. டைமென்ஷன் ஸ்டைலில் டிம்டிசெப் (தசமக் குறி) மதிப்பைக் காற்புள்ளியாக வைத்தால் அளவுகள் சரியாகும். காற்புள்ளியால் பத்தி பிரிக்கும் சர்வே சிஎஸ்வி கோப்பில் நேர் எதிர்: தசமம் காற்புள்ளியாக இருந்தால் ஒரு எண் இரண்டு பத்தியாக உடையும். ஏற்றுமுன் புள்ளியாக மாற்ற வேண்டும் என்பது எங்கள் கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

கையேட்டின் மிக நீண்ட பக்கம் ஆயத்தொலைவு பற்றியது. அதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டு சர்வே ஆயத்தொலைவு முறையான லோவில் ஒய் மேற்கு நோக்கியும் எக்ஸ் தெற்கு நோக்கியும் கூடும். ஆட்டோகேடில் ஒய்யின் எதிர்மதிப்பை எக்ஸாகவும், எக்ஸின் எதிர்மதிப்பை ஒய்யாகவும் போட வேண்டும். பத்திகளைச் சரியாக மாற்றிவிட்டுக் குறியை மட்டும் மறந்தால் தளம் 180 பாகை திரும்பும். வடிவம் கெடாததால் வடக்கு அம்பைப் பார்க்கும்வரை யாருக்கும் உறைக்காது. பத்தியையும் மாற்றாவிட்டால் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். லோ முறை நாட்டை இரண்டு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும், எண் மண்டலத்தின் நடுத் தீர்க்கரேகை. டர்பன் வேலைக்கு லோ31, அவ்வளவுதான். ஜோபர்க்கில்தான் தலைவலி: இரு மண்டலங்களின் எல்லையான 28 பாகைக் கோடு நகரத்தின் ஊடாகவே போகிறது. சோவேட்டோ லோ27இல் விழும், சாண்டன் லோ29இல் விழும். எனவே எந்த லோ, எந்த டேட்டம் (ஆயத்தொலைவின் அடிப்படைச் சட்டகம்) என்பதை டைட்டில் பிளாக்கில் கட்டாயக் கட்டமாக்கியிருக்கிறோம். 1999 ஜனவரி 1 முதல் ஹார்ட்டபீஸ்ட்ஹூக்94தான் அதிகாரப்பூர்வ டேட்டம். ஆனாலும் பழைய கேப் டேட்டம் டிராயிங்குகள் இன்றும் மேசைக்கு வருகின்றன.

பகிர்வதற்கு மேகச் சேமிப்பை நேரடியாக நம்பியது சரிப்படவில்லை. லோட்ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) கடுமையாக இருந்த காலத்தில் ஒத்திசைவு பாதியில் அறுந்து, ஒரே சிடிபிக்கு இரண்டு நகல் முளைக்கும். இப்போது மூலக்கோப்பு சர்வரில், படிக்க மட்டும் அனுமதி. காலையில் லாகின் ஆகும்போது ரோபோகாப்பி என்ற விண்டோஸ் நகல் கட்டளை அதைக் கணினிக்கே இறக்கிவிடும். லைன் போனாலும் வேலை நிற்காது. ரோபோகாப்பியின் மிரர் வசதி, மூலத்தில் இல்லாததையெல்லாம் அழித்துவிடும். சொந்த டூல் பேலட்டை (கருவித் தொகுப்பு) அதே ஃபோல்டரில் வைப்பவருக்கு மறுநாள் காலை ஒன்றும் மிஞ்சாது. தனி ஃபோல்டர் கொடுத்துவிடுங்கள்.

டிராயிங்குக்கான தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநிலைகளான சான்ஸ் 10111, சான்ஸ் 10143 பக்கங்களை ஸ்கேன் செய்து கையேட்டில் ஒட்டாதீர்கள். அவை தென்னாப்பிரிக்கத் தர நிறுவனமான எஸ்ஏபிஎஸ் விலைக்கு விற்கும், பதிப்புரிமை உள்ள ஆவணங்கள். எண், பதிப்பு ஆண்டு, பிரிவு எண் குறித்தால் போதும். முதற்கோண வீழ்ப்பைப் (பொருளின் பக்கத் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் ஒரு முறை) பற்றிப் பாடமும் வேண்டாம்: இங்கே பள்ளியில் இஜிடி (பொறியியல் வரைகலைப் பாடம்) படித்த பிள்ளைக்கும் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் முடித்தவருக்கும் அது பழக்கம். மூன்றாம்கோண முறையில் வரையும் அமெரிக்க இயந்திர விற்பனையாளரின் டிராயிங் வந்தால் வீழ்ப்புச் சின்னத்தைப் பார்த்துவிட்டு வரைய வேண்டும் என்ற ஒரு வரி போதும்.

ஸ்டாண்டர்டுக்குப் பொறுப்பாளர் ஒருவர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர். குழு வைத்தால் லேயர் நிறத்துக்கே மூன்று கூட்டம் நடக்கும். திருத்தம் கேட்பவர் மாதிரி டிராயிங் ஒன்றை இணைத்து அனுப்ப வேண்டும். வாய்ச்சொல்லில் வருவதை எடுத்துக்கொள்வதில்லை. வெளியீடு வருடத்துக்கு இரண்டு முறை. பிரிண்டைக் கெடுக்கும் பிழை என்றால் மட்டும் அன்றே திருத்தம். வெளி கன்சல்டன்டுக்கு அனுப்பும்போது கோப்புகளை ஜிப்பாகக் கட்டித்தரும் இ-டிரான்ஸ்மிட்டில் சிடிபியும் எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருக்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும். எழுத்துரு விடுபட்டால் அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்து, அட்டவணைக் கட்டத்தை மீறி எழுத்து ஓடும்.