கபரகொயாவுக்கு வழிவிட்டு ஆட வேண்டிய மைதானம்

பொரளையில் இருக்கும் றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் தொடங்கியது, மைதானத்துக்குள்ளேயே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நண்பரின் விருந்தாளியாகப் போன எனக்கு மறக்காதது கபரகொயாதான், அதாவது பெரிய நீர் உடும்பு. குளக்கரையில் என் பந்துக்கு இரண்டு முழம் தள்ளி, ஆளுயர நீளத்தில் ஒன்று நாக்கை நீட்டி நீட்டிப் படுத்துக்கிடக்க, நான் பின்வாங்க, மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடி (caddie) அண்ணன் அசையவே இல்லை. "ஒன்னும் செய்யாது தம்பி, வால் பக்கம் மட்டும் போகாதீங்க" என்றார். சரிதான், மீன், நண்டு, முட்டை, செத்தது என்று கிடைத்ததைத் தின்னும் பிராணி, மறித்துச் சீண்டினால்தான் வாலால் விளாசும், கடிக்கவும் செய்யும்.

விதியும் நம் பக்கம்தான். விலங்கு பந்தை நகர்த்தியது உறுதியாகத் தெரிந்தால் தண்டனை இல்லை, பழைய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். விஷப்பாம்பு, கொட்டும் தேனீ மாதிரி ஆபத்து பக்கத்தில் இருந்தால் 16.2ஆம் விதிப்படி விலகிப் போய் ஆடலாம். கபரகொயா அதில் சேருமா என்று கேட்டேன், கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

புல்வெளிப் பராமரிப்பு அருமை. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள், அப்புறம் பையில் கூடுதலாகச் சில பந்துகள் இருக்கட்டும்.