கேரவன் ஆனிங் ரெயிலுக்கு சிலிக்கோன் ஸ்பிரே: வாங்கலாமா, வேண்டாமா?

கேரவன் என்ற பயண வண்டிவீட்டின் பக்கவாட்டில் கூடாரம்போல் மாட்டும் துணிதான் ஆனிங். அதன் ஓரத்தை வண்டியில் பதித்த ரெயிலுக்குள் நுழைத்து இழுக்கும்போது பாதி வழியில் சிக்கிக்கொண்டால், எல்லாருடைய கையும் முதலில் போவது ஸ்பிரே கேனுக்குத்தான். சிலிக்கோன் ஸ்பிரே நல்ல பொருள்தான், தாராளமாக வாங்கலாம். ஆனால் ரெயிலுக்குள் அடைந்த மண்ணோ, துணி நுழையும் வாயில் இருக்கும் உலோகப் பிசிறோதான் காரணம் என்றால், முழு கேனைக் காலி செய்தாலும் துணி நகராது.

ஸ்பிரே எங்கே உதவுகிறது என்பதைப் பார்ப்போம். கேரவனின் பக்கவாட்டில் ஓடும் அலுமினிய ரெயிலுக்கு உள்ளே உருண்டையான பள்ளம், வெளியே குறுகலான பிளவு; பிளவின் விளிம்புதான் உதடு. ஆனிங் துணியின் ஓரத்தில் தைத்த பீடிங் (கயிறுபோல் உருண்ட விளிம்பு) அந்தப் பள்ளத்துக்குள் ஓட வேண்டும். நேரான பகுதியில் பெரிய சிரமம் இல்லை. முன்னும் பின்னும் ரெயில் வளையும் இரண்டு இடங்களில்தான் உயிர் போகிறது. தூணில் சுற்றிய கயிறு இறுகுவதுபோல, வளைவில் உராய்வு கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும். உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்) 0.3 என்று வைத்தால், தலா 90 டிகிரி உள்ள இரண்டு வளைவையும் தாண்டுவதற்குள் இழுவிசை சுமார் 2.6 மடங்காகிவிடும். கெழுவை 0.15 ஆகக் குறைத்தால் 1.6 மடங்கோடு நிற்கும். ஸ்பிரேயின் பலன் முழுவதும் இந்த இரண்டு வளைவில்தான் இருக்கிறது. ரெயில் நெடுக அடித்துத் தீர்ப்பது வீண்.

வாங்கும்போது கேனில் சிலிக்கோன் என்றும், பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதகமில்லை என்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். மெல்லிய குழாய் மூக்கு கூடவே வருவது நல்லது. சாதாரண டபிள்யூடி-40 கேனை இதற்கு எடுக்காதீர்கள். அது எண்ணெய் சார்ந்தது. மீந்துபோகும் பிசுக்கில் தூசி ஒட்டி, அடுத்த முறை ரெயிலுக்குள் கறுப்புக் குழம்பாக நிற்கும், துணியிலும் கறை ஏறும். அதே நிறுவனம் சிலிக்கோன் வகையைத் தனி கேனாக விற்கிறது, அது வேறு. பிடிஎஃப்இ (டெஃப்லான்) உலர் ஸ்பிரேயும் நன்றாகவே வேலை செய்யும், தூசியும் அதிகம் பிடிக்காது. ஆனால் அடர்நிறத் துணியில் வெள்ளைத் தடம் விழும். மெழுகுவத்தி அவசரத்துக்கு ஓகே, வெயிலில் இளகி மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் மோசமானது பாத்திரம் கழுவும் திரவம். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு போகும். துணியில் தங்கும் சோப்பு நீர் ஒட்டாத பூச்சைக் கெடுத்து, அடுத்த மழையில் ரெயிலை ஒட்டிய தையல் வழியாகவே தண்ணீரை உள்ளே விடும்.

ஸ்பிரேக்கு முன்னால் சுத்தம். ரெயிலுக்கென்று விற்கும் பிரஷ் பரவாயில்லை, ஆனால் கட்டாயமில்லை. பழைய பீடிங்கில் 15 செ.மீ. துண்டு வெட்டி, ஒரு முனையில் நூல் கட்டி, மேலே மெல்லிய ஈரத்துணி சுற்றி ரெயிலுக்குள் இழுத்தால் அதே வேலை நடக்கும். பிறகு சுற்றிய ஈரத்துணியைக் கழற்றிவிட்டு வெறும் பீடிங் துண்டை மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். முழு ஆனிங்கின் கனத்தோடு தேடினால் இந்த இடம் தெரியவே தெரியாது.

தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் இருப்பது, திருகுத் துளை வழியாகப் பிதுங்கிக் காய்ந்த சீலன்ட் (நீர்க்கசிவை அடைக்கும் பசை), தலை தூக்கிய திருகு, அல்லது எதிலோ இடித்து நெளிந்த உதடு. சீலன்ட்டை மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழுந்து புதுப் பிசிறு வரும். கரைப்பான் தேவைப்பட்டால் துணியில் நனைத்து மட்டும் துடையுங்கள். அக்ரிலிக் ஜன்னலில் பட்டால் மயிரிழை வெடிப்புகள் விடும். நெளிந்த உதட்டை கடின மர ஆப்பால் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும், சுத்தியல் கூடாது.

நுழைவு வாய்க்குத் தனிக் கவனம் வேண்டும், துணி கிழிவது பெரும்பாலும் இங்கேதான். பழைய நைலான் காலுறையை அந்த விளிம்பில் தடவுங்கள். இழை மாட்டினால் பிசிறு இருக்கிறது. அரைவட்ட அரத்தால் விளிம்பை உருட்டி, 240, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, வாயைச் சற்றே புனல்போல் விரித்து விடுங்கள். இதற்கென்றே பிளாஸ்டிக் வழிகாட்டியும் கிடைக்கிறது. தனியாளாக ஆனிங் மாட்டுபவருக்கு அது உபயோகமானது, ஆனால் உங்கள் ரெயிலின் வடிவத்துக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி ஸ்பிரே. ஒரு சிறு துடைக்கும் துணியில் அடித்து, அந்தத் துணியை ரெயிலுக்குள் இழுங்கள். வளைவுகளில் மட்டும் குழாய் வழியாக இன்னொரு சிறு பீச்சல். பீடிங்கையும் அதே துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். கரைப்பான் ஆவியாகப் பத்து நிமிடம் விடுங்கள். கேனுக்குள் இருப்பது தீப்பற்றும் வாயு; கேஸில் எரியும் ஃபிரிட்ஜ், ஹீட்டர் சுடரை அணைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். படியில் சொட்டினால் உடனே துடையுங்கள், மிதித்தால் வழுக்கும். ரெயிலில் நீர்க்கசிவு இருந்தால் சீலன்ட் வேலையை முதலில் முடித்துவிடுங்கள். சிலிக்கோன் பட்ட இடத்தில் சீலன்ட்டோ பெயின்ட்டோ சரியாகப் பிடிக்காது.

மாட்டும்போது ஆனிங்கின் துணிச் சுவர்களை ஜிப் கழற்றித் தனியே வையுங்கள், பாதிக் கனம் அதிலேயே போகும். ஒருவர் ரெயிலின் நுழைவு வாயருகே துணியை ரெயில் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து ஊட்ட, மற்றவர் ரெயிலின் போக்கிலேயே இழுக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் பீடிங் உதட்டில் ஆப்புபோல் இறுகும். நின்றுவிட்டால் மல்லுக்கட்டாமல் ஓரடி பின்வாங்கி மறுபடி விடுங்கள். கயிறும் கப்பியும் கொண்ட இழுவை செட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்றாலே எங்கோ ஏதோ மாட்டியிருக்கிறது, கப்பி துணியைக் கிழித்துக்கொண்டு போகும்.

பீடிங் சுருங்கியிருந்தாலோ, உறை தேய்ந்து உள்நரம்பு தெரிந்தாலோ ஸ்பிரேக்கு வேலையில்லை, புதுப் பீடிங் தைக்க வேண்டும். அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 6 மி.மீ. பீடிங்குக்கான ரெயிலில் 4 மி.மீ. பீடிங் வழுக்கி வெளியே வந்துவிடும். ஸ்பிரேயை மாதக் கணக்கு வைத்து அடிக்க வேண்டியதில்லை. சோதனைத் துண்டு இழுபடத் தொடங்கினாலோ, ரெயிலை சோப்பு போட்டுக் கழுவினாலோ மறுபடி அடித்தால் போதும்.