நாலு வரிசைச் செம்பு ரேடியேட்டர் என்று 185,000 ரூபாவுக்குக் கறுப்புப் பெயின்ட் வாங்கிய கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுத மாட்டேன். ஜீப் பஞ்சிகாவத்தையில் இன்ஜின் ஹெட்டைக் கழற்றியபடி கிடக்கிறது, நான் வெள்ளவத்தையிலிருந்து வேலைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன். பெயர் போட்டால் வீண் வம்பு என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். அதனால் இவ்வளவுதான் சொல்வேன்: வாகனப் பாகங்கள் விற்கும் ஒரு சமூக ஊடகப் பக்கம், அதை நடத்துகிறவருக்குக் கொழும்புக்கு வெளியே ஒரு சின்னக் கராஜ். வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 4டிஆர்5 டீசல் இன்ஜின் போட்ட பழைய மிட்சுபிஷி ஜீப், 2659 சி.சி. அதில் 33 அங்குல டயர், முன்னால் வின்ச், அதற்கு மேலே இரண்டு பெரிய லைட். காற்று வரும் வழியைப் பாதி அடைத்தது நான்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். காலி வீதியில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. லோ கியரில் ஏறும்போதுதான் வினை: இன்ஜின் முக்குகிறது, வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது, எதிர்க்காற்று கிடையாது, எல்லாப் பாரமும் ஃபேன் தலையில். கடுகண்ணாவை ஏற்றத்திலேயே இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்பைத் தொடப் பார்த்தது.

அந்தப் பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். நாலு வரிசைக் குழாய் வைத்த செம்புக் கோர் (தண்ணீர் ஓடி ஆறுகிற நடுப்பகுதி), புத்தம் புதுசு, இரண்டு 12 அங்குல எலக்ட்ரிக் ஃபேன், அவற்றைச் சுற்றி மூடும் ஷ்ரவுட், பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 185,000. நான் உடனே விழுந்துவிடவில்லை. நேரில் போனேன். பிளேன்டீ தந்தார், என்னை உட்கார வைத்துத் தமிழில் ஆறுதலாகக் கதைத்தார். வாட்டர் பம்பையும் மாற்றிவிடலாமா என்று நானாகத்தான் கேட்டேன். அவர் பம்பைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "வேணாம் அண்ணை, இது நல்லா இருக்கு, ஏன் வீணா காசு செலவழிக்கிறீங்க" என்றார். அங்கேதான் நான் கவிழ்ந்தேன். விற்க வந்த மனிதர் ஒரு சாமானை வேண்டாம் என்று சொன்னால் அவரை எப்படிச் சந்தேகப்படுவது? பில்கூடக் கேட்காமல் அன்றே காசை வங்கியில் போட்டேன். சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டார், "நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு?" அதற்கும் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் ஹுன்னஸ்கிரியாவில் திரும்பி மீமுரே மலைப்பாதை. அரை மணி நேரம்கூட இல்லை, ஊசி ஏறியது, பொனட்டுக்குக் கீழே புகை, அப்புறம் எக்ஸோஸ்டில் வெள்ளைப் புகை. ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ரெக்கவரி லொறிக்குக் கொடுத்த காசை இங்கே சேர்க்கவே இல்லை.

பஞ்சிகாவத்தையில் ரேடியேட்டர் திருத்தும் வயதான பாஸ் ஒருவர் மேல்தொட்டியைத் திறந்து காட்டினார். குழாய் மூன்று வரிசைதான். அதுவும் பழைய கோர், பாதிக் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருந்தன, மேலே கறுப்புப் பெயின்டைத் தடிப்பாக அடித்திருந்தார்கள். ஃபேன் இரண்டும் முன்னாலிருந்து தள்ளுகிற வகை. அதைப் பின்னால் பூட்டி, வயரை மாற்றிக் கொடுத்துத் தலைகீழாகச் சுற்ற விட்டிருக்கிறார்கள். சுற்றும்தான், ஆனால் இறக்கையின் வளைவு எதிர்ப்பக்கம் இருக்கும்போது காற்று எங்கே வரும்? தேர்மோஸ்டாட் இல்லாததால் பைபாஸ் வழி எந்நேரமும் திறந்து கிடந்து, சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றியிருக்கிறது. 185,000.

விற்றவருக்குப் போன் அடித்தேன். முதல் நாள், "ட்ரைவ் பண்றேன் அண்ணை, பின்னேரம் எடுக்கிறேன்." எடுக்கவில்லை. அடுத்து போயா நாளாம். பிறகு பூட்டின பொடியன் ஊருக்குப் போய்விட்டானாம், வந்ததும் விசாரிப்பாராம். நான் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீலக்குறி விழுந்தது, பதில் ஒரே வரி: "நீங்க ஓட்டின விதம் சரியில்லை." அதே வாயால் அண்ணை வேறு. அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்தில் போய் என் அனுபவத்தை எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டு என்னைத் தடுத்துவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குப் போன் எடுக்கப் போகிறேன், ஆனால் முதலில் பில் கேட்பார்கள், என்னிடம் இருப்பது வங்கிச் சீட்டு மட்டும். அதில் 185,000 என்று அழகாக இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வாங்குமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், பெரும்பாலும் குழாய் வரிசை கண்ணுக்கே தெரியும். பத்து செக்கன் வேலை, நான் செய்யவில்லை. ஃபேனைப் போட்டுவிட்டு கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள், இழுத்து ஒட்ட வேண்டும், என்னுடையது ஆடிவிட்டு விழுந்தது. பெரிய செலவுக்கு முன் ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பாருங்கள். 0.9 பார் அழுத்தத்துக்கான மூடி அதைப் பிடித்து நின்றால் வெறும் தண்ணீர்கூட 118 பாகை வரை கொதிக்காமல் தாங்கும், ரப்பர் போன மூடி பிடிக்காது. சூட்டோடு திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும். தேர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொல்கிறவரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்குங்கள். பில், பில், பில்.

பாஸ் போன் எடுக்கிறார். ஹெட் வளைந்திருக்கிறதாம், லேத்துக்குக் கொடுக்க வேண்டுமாம், எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.